வேல்குமாரைத் தவிர யாரை வேண்டுமானாலும்

தீபாவளி போனஸோடு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்த திங்கட்கிழமை, டீ நேரத்தில், சுப்பாத்தாள் நிட்டிங் கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி சாமியப்பன். கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்து ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் அவர் மகள் சித்ராதேவி. கட்டிங் மாஸ்டரும் கம்பெனிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளருமான சகாயராஜ். பேக்கிங் பொறுப்பாளர் ராக்கையா. செக்கிங் டேபிளில் உட்கார்ந்தபடியே மொத்தக் கம்பெனியையும் மேய்க்கும் ஒச்சம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இல்லை.

அணியின் நட்சத்திரம் வேல்குமார் நூல் வாங்கப் போயிருந்தான். அவன் பைக் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் ராக்கையா தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி, ஒரு சேதி காதுல விழுந்துச்சு. நம்ம வேல்குமாரை வீரபாண்டிக்காரர் கேக்குறாராம்."

சாமியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் பாதி டீ ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டி மேல் கொட்டியது. யாரும் துடைக்க எழுந்திருக்கவில்லை.

வீரபாண்டிக்காரர் என்றால் மணியன். அங்கே சாயப்பட்டறை வைத்திருப்பவர். சாமியப்பனின் தங்கை தெய்வாத்தாளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், அவள் கணவனுக்குத் தம்பி. ஆக, தெய்வாத்தாளின் மகன் வேல்குமாருக்குச் சாமியப்பன் தாய்மாமன், மணியன் சித்தப்பா. பையன் தூங்கி எழுவது சித்தப்பா இருக்கும் வீட்டில், வேலை செய்வதும் பந்தாடுவதும் மாமன் கம்பெனியில். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே இருந்த மரியாதை இத்தனை வருடமும் அப்படித்தான் கலையாமல் நின்றது.

போன தைப்பூசத்தில்தான் கலைந்தது. பனியன் கம்பெனிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணியனின் அணி சாமியப்பனின் அணியை ஒரே ஒரு கூடையில் தோற்கடித்தது. தோற்றதுகூடப் பெரிதில்லை. அந்தக் கோப்பையை மணியன் தன் வீட்டு டி.வி.க்கு மேலே வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பூ வேறு போட்டார். தங்கைக்குத் தீபாவளிச் சீர் கொண்டுபோன சாமியப்பன், அதற்கு எதிரில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட வேண்டியிருந்தது. அதிரசத்தைப் பாதியில் வைத்துவிட்டார். அவருடைய வீரர்கள் சட்டையின் முதுகில் இருப்பது கம்பெனிப் பெயர் மட்டுமல்ல. சுப்பாத்தாள் என்பது அவரைப் பெற்ற தாயின் பெயர். தறி நெய்த வீட்டில் பிறந்து, சிவன்மலை முருகனை நம்பி, மகனைப் பனியன் முதலாளியாக ஆக்கிய அம்மாவின் பெயர் மணியன் வீட்டு டி.வி.க்குக் கீழே கிடப்பதாகவே அவருக்குத் தோன்றியது. தைப்பூசத்திலிருந்தே மணியனிடம் பேச்சு இல்லை. துணிக்குச் சாயம் போடுவது மட்டும் அங்கேதான். தொழில் வேறு, ரோஷம் வேறு.

"கேக்கறானா," என்றார் சாமியப்பன். "என்ற மடியில உக்கார வெச்சுக் காது குத்துன பையனை."

சகாயராஜ் பக்குவமாக ஆரம்பித்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கத்தரிக்கோல் பிடிக்கிற மாதிரியே பேச்சையும் ஓரம் பார்த்துத்தான் வெட்டுவார்.

"மொதலாளி, நான் என்ன சொல்லுதேன்னா, அவிய கேட்டாவன்னா குடுத்துருவோம். பதிலுக்கு நல்ல ஆளா ரெண்டு பேரை வாங்கிக்கிடலாம்லா."

சித்ராதேவி உடனே பிடித்துக்கொண்டாள். அமெரிக்காவில் கூடைப்பந்து அணிகள் ஆட்டம் இல்லாத மாதங்களில் இதைத்தான் செய்கின்றன என்றாள். ஒரு பெரிய ஆட்டக்காரனைக் கொடுத்துவிட்டு மூன்று இளம் ஆட்டக்காரர்களை வாங்குவார்கள். அதற்கு டிரேடு என்று பெயர். எந்த ஆளைக் கொடுத்து எந்த ஆளை வாங்கலாம் என்று டி.வி.யில் கோட்டுப் போட்டவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். பெரிய பெயர்க்காரன் போன பிறகுதான் சில அணிகள் ஜெயிக்கவே ஆரம்பித்திருக்கின்றன.

சாமியப்பனுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. ஷிப்மெண்ட் நெருக்கும்போது பக்கத்துக் கம்பெனியிலிருந்து டெய்லரைக் கைமாற்றாக வாங்குவதும் கொடுப்பதும் திருப்பூரில் அன்றாடம் நடப்பது. அதிலும் தீபாவளிக்குப் பின் வருகிற நாட்கள் ஆள் மாறுவதற்கென்றே ஏற்பட்டவை. போனஸ் கைக்கு வரும்வரை யாரும் அசைய மாட்டார்கள். வந்த பிறகு ஊருக்குப் போய், திரும்பும்போது பாதிப் பேர் வேறு கம்பெனி வாசலில் இறங்குவார்கள். கூடைப்பந்துப் போட்டியின் விதியும் அதையொட்டித்தான். கார்த்திகை முதல் தேதியன்று எந்தக் கம்பெனியில் வேலையில் இருக்கிறானோ, அந்தக் கம்பெனிக்கே ஒருவன் ஆட வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

"டிரேடு பண்ணலாம். ஆனா பையனைக் குடுத்து இல்ல," என்றார் சாமியப்பன். "பையனை வெச்சுக்கிட்டு, அவனுக்கு என்ன வேணுமோ அதை வாங்கோணும். சொல்லுங்க, நம்ம டீமுக்கு என்ன கொறை?"

நான்கு பேரும் ஒரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. வளையத்துக்கு அடியில் நிற்க ஒரு நெட்டையன் வேண்டும் என்றார் சகாயராஜ். தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுகிறவன்தான் வேண்டும், போன வருடம் மணியன் பக்கம் அப்படி ஒருத்தன் இருந்ததால்தானே அடி வாங்கினோம் என்றார் ராக்கையா. டீ ஆறி ஏடு படிந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒச்சம்மாள், கையிலிருந்த சட்டையில் பிசிறு வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"பந்தைப் பிடிச்சா அடுத்தவனுக்குக் குடுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும் மொதலாளி. அம்புட்டுத்தேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் சாமியப்பன். "அந்த ஓவர்லாக் மெஷின்ல தைக்கற அண்ணன் தம்பி இருக்கறானுங்களே, பந்தைப் பையன் கையில குடுக்காம ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு நேரத்தைக் கடத்தறானுங்க."

ஒச்சம்மாள் ஒரு நல்ல சட்டையில் நடுவாக வெட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தெய்வாத்தாளிடமிருந்து போன் வந்தது. சேதி அவள் காதுக்கும் போயிருந்தது. தாய்மாமன் இருக்கும்போது பையனைச் சித்தப்பன் கம்பெனிக்கு அனுப்பினால், அந்த வீட்டில் நம் பிறந்த வீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று அழாத குறையாகக் கேட்டாள். சாமியப்பன் போனைப் பிடித்தபடியே எழுந்து நின்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் வேல்குமாரைக் கூப்பிட்டு, டீமில் உனக்கு என்ன வேண்டும் கண்ணு என்று கேட்டார். இருபத்தைந்து வயதுப் பையன், வாட்டசாட்டமானவன், பந்தோடு ஓடினால் மைதானமே அவனைத்தான் பார்க்கும். போன வருடம் கம்பெனி போட்ட கூடைகளில் முக்கால்வாசி அவன் போட்டவை. அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

"ஒசரமா ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமுங்க மாமா. நான் போடறது தப்பித் தவறி வெளிய வந்தா எடுத்து மறுபடி என்ற கையில குடுக்கறதுக்கு."

இந்தப் பக்கத்திலேயே உயரமானவன் கனகராஜ். மடத்துக்குளத்தான். அவன் இருந்தது மணியனின் சாயப்பட்டறையில். பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் பேரம் எப்படிப் பேசுவது? அதற்கு ஆத்தப்பன் இருந்தார். மணியனின் டெம்போ டிரைவர். சாயம் போட்ட துணியைத் தினமும் காலையில் இறக்கிவிட்டு வெள்ளைத் துணியை ஏற்றிப் போகிறவர். சாமியப்பன் அவரைத் தனியே அழைத்தார்.

"உங்க மொதலாளிகிட்டச் சொல்லு. கனகராஜை எனக்குக் குடுக்கோணும். பதிலுக்கு வேல்குமாரைத் தவிர யாரை வேணும்னாலும் கேட்டுக்கட்டும்."

இதைக் கேட்டுக்கொண்டு வந்த சித்ராதேவி, அப்பா, அதற்கு வேல்குமார் மச்சானையே கொடுப்பதாகப் பேசிப் பார்த்தால் கூடுதலாக ஒரு ஆள் வருமே என்றாள். அவர் பார்த்த பார்வையில் ஆபீஸுக்குள் போய்விட்டாள்.

ஆத்தப்பன் மதியத்துக்குள்ளேயே பதிலோடு வந்தார். "சரீன்னுட்டாருங்க சாமி. ஓவர்லாக் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் குடுத்தாப் போதுமாமுங்க."

"பையனைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க சொன்னதைக் கேட்டதும் ரண்டு தடவை சரி, சரீன்னாருங்க."

கேட்ட பையன் கிடைக்காது என்று தெரிந்ததும் அடங்கிவிட்டான் என்று சாமியப்பன் முடிவு செய்தார். அண்ணனும் தம்பியும் அதே டெம்போவில், துணி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து வீரபாண்டிக்குப் போனார்கள். போவதற்கு முன் கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்கள். துக்கத்தை மறைக்க இனிப்புக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துச் சாமியப்பனுக்குக் கண் கலங்கியது. இரண்டாவது துண்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கனகராஜ் வந்து சேர்ந்தான். பேக்கிங் செக்ஷனின் டியூப்லைட்டில் முதல் நாளே தலை இடித்தது. ஊருக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் கம்பெனியில் அவன் அளவுக்கு ஒரு சட்டை இல்லை. சுப்பாத்தாள் என்ற பெயர் போட்ட பெரிய சட்டையைப் போட்டாலும் தொப்புள் வெளியே தெரிந்தது. அம்மாவின் பெயருக்குக் கீழே தொப்புள் தெரிவது சாமியப்பனுக்குப் பிடிக்கவில்லை. தானே நின்று கீழே ஒரு பட்டி வைத்துத் தைக்கச் சொன்னார். தைக்க ஆள் இல்லை. ஓவர்லாக் மெஷின்கள் இரண்டும் சும்மா நின்றன. வெட்டிய துணி மலை மாதிரி சேர்ந்தது. சித்ராதேவி வெளியே ஜாப் ஒர்க்குக்கு ஆள் தேடி அலைந்தாள்.

சாயங்காலப் பயிற்சியில் கனகராஜ் வளையத்துக்கு அடியில் போய் நின்று கையைத் தூக்கினான். முடியும்வரை தூக்கியபடியே நின்றான். மறுநாள் தோள் வலிக்கிறது என்று ஒச்சம்மாளிடம் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டான்.

வேல்குமார் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, அவன் சும்மா கையைத் தூக்கீட்டே நிக்கறானுங்க. எனக்கு வளையம் மறைக்குதுங்க."

பையன் மனம் கோணினால் சித்தப்பன் பக்கம் சாய்ந்துவிடுவானே. சாமியப்பன் பரபரத்தார். பேக்கிங் மேஜையில் மறுபடி சபை கூடியது. அட்டைப்பெட்டிகளை ஆட்களாக அடுக்கி ராக்கையா ஒரு திட்டம் காட்டினார். நெட்டையன் இங்கே, பந்தை மேலே கொண்டுவர வேகமான ஓட்டக்காரன் ஒருவன் அங்கே. அப்போது வேல்குமார் இங்கே, என்று சொல்லி ஒரு பெட்டியைக் கையில் எடுத்தவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சகாயராஜ் அதை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்தார். மேஜையில் இடம் இல்லாததால் அப்படி வைத்தார் என்றே சாமியப்பன் நினைத்தார்.

"ஓட்டக்காரனை வாங்குவோம்," என்று எழுந்தார். "வேல்குமாரைத் தவிர யாரை வேணும்னாலும் கேட்டுக்கட்டும்."

மணியன் அயர்ன் மாஸ்டரைக் கேட்டார். அயர்ன் மாஸ்டர் சேதி தெரிந்த அன்றே சிவன்மலைக்கு நடந்தே போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். பிரிவைத் தாங்கும் சக்தியை வேண்டியிருக்கிறார், விசுவாசமான ஆள் என்று சாமியப்பன் மெச்சினார். பதிலுக்கு வந்த ஓட்டக்காரன் பட்டறையில் கலர் பார்க்கிறவன். அதைத் தவிர ஒன்றும் தெரியாது. அயர்ன் மேஜையில் நிறுத்தினால், இந்த நீலத்தில் கொஞ்சம் சிவப்புத் தூக்கலாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே நின்று சட்டைகளில் ஓட்டை போட்டான்.

மைதானத்தில் அவன் பந்தை மின்னல் மாதிரி கொண்டுவந்தான். கொண்டுவந்து வேல்குமாரிடம் கொடுத்தான். அதன் பிறகு அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. திரும்பப் பந்து வரும் வரும் என்று எதிர்பார்த்து ஓடினான், வளைந்தான், கூப்பிட்டான். பந்து வரவில்லை. கடைசியில் ஓரமாக நின்று சட்டைகளின் கலரைப் பார்க்க ஆரம்பித்தான்.

"குடுக்கறதுக்கு நேரம் எடுத்துக்கறானுங்க மாமா," என்றான் வேல்குமார்.

அதற்கும் சாமியப்பன் மருந்து கண்டுபிடித்தார். போன வருடம் தூரத்திலிருந்து போட்டுத் தள்ளினானே, அந்தக் குறிக்காரன். அவனையும் வாங்கிவிட்டால் மணியனிடம் என்ன மிஞ்சும்? அவனுக்குப் பதிலாகக் கட்டிங் ஹெல்பர் போனான். இவனும் மூட்டை மேல் ஏறும்போது சிரித்தான். ஆத்தப்பனின் டெம்போ இப்போது துணியைவிட ஆளைத்தான் அதிகம் சுமந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து, இன்றைக்கு யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். ஊரே சாமியப்பன் கட்டும் அணியைப் பற்றித்தான் பேசியது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏற்கெனவே நிமிர்ந்த நெஞ்சு அது.

குறிக்காரன் வந்த பிறகும் பயிற்சி ஆட்டங்களில் தோல்விதான். சாமியப்பன் உட்கார்ந்து கவனித்தார். குறிக்காரன் ஒரு தடவைகூடப் பந்தைப் போடவில்லை. பட்டறையில் நன்றாக இருந்தவன் இங்கே வந்து சோம்பேறி ஆகிவிட்டான். நெட்டையனும் அப்படி. ஓட்டக்காரனும் அப்படி. நல்லவர்களாக வந்தவர்கள் எல்லாம் இங்கே வந்து கெட்டுப்போனால் குறை யாரிடம்? அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. பயிற்சியாளரிடம்.

சகாயராஜைக் கூப்பிட்டு, இத்தனை வருடப் பழக்கத்தில் இதைச் சொல்வது தமக்கு எவ்வளவு வேதனை என்று நீண்ட நேரம் சொன்னார். வேல்குமாரைத் தவிர யாரை வேண்டுமானாலும் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, மணியன் இப்போது உங்களைக் கேட்கிறார், தடுத்து ஆடுகிற ஒரு நல்ல ஆளைத் தருகிறார் என்றார்.

சகாயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதலாளி சொன்னா தட்டவா முடியும்? போயிட்டு வாரேன்."

பை ஏற்கெனவே கட்டி மெஷினுக்கு அடியில் இருந்தது. முன்யோசனை உள்ள மனிதர்.

இப்படியாகக் கார்த்திகை முதல் தேதியன்று, போன வருடக் கோப்பையை வென்ற மணியன் அணியின் நான்கு பேர் சாமியப்பனிடம் இருந்தார்கள். போன வருடம் தோற்ற சாமியப்பன் அணியின் நான்கு பேரும், கூடவே பயிற்சியாளரும், மணியனிடம் இருந்தார்கள். அங்கே ஐந்தாவது ஆளாகப் புதிதாக ஒரு ஊத்துக்குளிப் பையன் ஆடினான். இங்கே ஐந்தாவது ஆள் வேல்குமார். ஜெயித்த அணியோடு வேல்குமார். இதைவிடப் பலமான அணி திருப்பூரில் இருக்க முடியாது என்று சாமியப்பன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அணியை ராக்கையா கவனித்துக்கொண்டார்.

கம்பெனி மட்டும் பாதி நின்றது. கட்டிங் மேஜைக்கு ஆள் கிடைக்கும்வரை சாமியப்பனே கத்தரி பிடித்தார். பரம்பரைத் தொழில் ரத்தத்தில் இருக்கிறது என்றார். ஒரு லாட் முழுக்கச் சின்னப் பிள்ளை உடம்புக்குப் பெரிய ஆள் கை வைத்து வெட்டிவிட்டார். ஒச்சம்மாள் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது கனகராஜுக்குச் சின்ன வயசில் போட்டதா மொதலாளி என்று கேட்டாள்.

தைப்பூசம் வந்தது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கம்பெனிகளும்தான் வந்து நின்றன. ஒரு பள்ளிக்கூட மைதானம். சுவர் மேலும் மரத்தின் மேலும் ஆட்கள். பனியன் கம்பெனிகள் பாதி நேரத்திலேயே ஷிப்டை நிறுத்திவிட்டு வந்திருந்தன. ஒச்சம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் கூடை விழுந்தாலும் குலவை போட்டாள். சாமியப்பன் திரும்பி முறைத்தார். இரண்டு பக்கமும் நம்ம பிள்ளைகள்தானே என்றாள்.

ஆட்டம் பற்றிக்கொண்டது. ஓவர்லாக் அண்ணன் தம்பி பந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். மொட்டைத் தலையோடு அயர்ன் மாஸ்டர் அதை வாங்கி ஹெல்பரிடம் தந்தார், அவன் ஊத்துக்குளிப் பையனிடம் தந்தான், பந்து ஐந்து கையும் சுற்றி வளையத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் வேல்குமார். ஒற்றை ஆளாக ஓடினான், தாவினான், போட்டான். தவறினால் மறுபடி போட்டான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டி, சுப்பாத்தாள் என்ற எழுத்து பளபளத்தது. தொண்டை கட்டும்வரை சாமியப்பன் கத்தினார். வாழ்நாளில் அவர் நாற்காலி மேல் ஏறி நின்றது அன்றுதான்.

கடைசி நிமிடம். சாமியப்பன் அணி ஒரு கூடை பின்னால் இருக்கிறது. பந்து வேல்குமார் கையில். மூலையில் குறிக்காரன் தன்னந்தனியாக, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாமல் நின்றான். வளையத்துக்கு அடியில் கனகராஜ் இரண்டு கையையும் தூக்கியபடி, பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி நின்றான். அந்தப் பக்கத்திலிருந்து சகாயராஜின் குரல் கேட்டது.

"மத்தவங்கள விட்டுருங்கலே. வேல்குமாரை மட்டும் பாருங்க."

ஐந்து பேரும் மற்ற நால்வரையும் விட்டுவிட்டு வந்து வேல்குமாரைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். சாமியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பையனைப் பார்த்து ஐந்து பேருக்குப் பயம். இவனைத்தானே அவர்கள் கேட்டார்கள், இவனைத்தானே நான் கொடுக்கவில்லை. வேல்குமார் அந்த வட்டத்துக்கு நடுவிலிருந்து எகிறி எறிந்தான். பந்து உயரப் போனது. வளையத்தின் விளிம்பில் அடித்து, கனகராஜின் கைக்கு எட்டாமல், சுவர் மேல் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் போய் விழுந்தது.

விசில் ஊதிவிட்டார்கள்.

சாமியப்பன் நாற்காலியிலிருந்து இறங்கினார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். வேல்குமார் தலையைத் தொங்கப்போட்டு வந்தான். மாமா, மத்தவங்க யாரும் ஒத்துழைக்கலீங்க என்றான். தெரியும் கண்ணு, நீ தனியாளாப் போராடுனதை ஊரே பாத்துச்சு என்று தட்டிக்கொடுத்து வண்டிக்கு அனுப்பினார்.

மணியன் கோப்பையோடு வாசல் பக்கம் வந்தார். சாமியப்பனைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழி விட்டது. என்ன பேசுவார்கள் என்று எல்லோருக்கும் ஆவல். ஒரு வருடத்துக்குப் பிறகு சாமியப்பன் முதல் வார்த்தை பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"கோப்பை உங்க ஊட்டுக்குப் போவுது, போகட்டுங்க மாப்பிள்ளை. நாளைக்கே டி.வி. மேல வெச்சுப் பூப் போடுங்க. ஆனா நீங்க ஆசைப்பட்டுக் கேட்ட பையன் இன்னைக்கும் என்ற கம்பெனியிலதான் இருக்கறான். கம்பெனியில பாதியைக் குடுத்தேன், அவனைக் குடுக்கல. இந்தத் தாய்மாமன் உசுரோட இருக்கறவரைக்கும் அவனை நீங்க வாங்க முடியாதுங்க."

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். குடும்பப் பெருமையைக் கேட்டுப் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சாமியப்பனுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "நல்லதுங்க மச்சான்," என்று கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்.

"பதில் சொல்ல முடியல பாத்தீங்களா," என்று சாமியப்பன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

டெம்போவின் பின்கதவைக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ஆத்தப்பனுக்கு அது பொறுக்கவில்லை. மணியனிடம் இருபது வருடம் உப்புத் தின்றவர். முதலாளி பெயருக்கு ஒரு சொல் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கொக்கியை விட்டுவிட்டு வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி, மரியாதை குறையாமல் சாமியப்பன் முன்னால் நின்றார்.

"மன்னிக்கோணுமுங்க சாமி, ஊருல சுத்தற அந்தப் பேச்சு சுத்தப் பொய்ங்க. எங்க மொதலாளி வேல்குமாரைக் கேக்கவே இல்லீங்க. தீவாளிக்கு முந்துன வாரம் உங்க கட்டிங் மாஸ்டரும் பேக்கிங்காரரும் செக்கிங் அம்மாவும் எங்க பட்டறைக்கு வந்து, எப்பிடியாச்சும் அவனை நீங்களே கேட்டு வாங்கிக்குங்கன்னு கெஞ்சுனாங்க, மொதலாளிதான் வேண்டவே வேண்டாம்னுட்டாரு. வேணும்னா அவங்களைக் காருல வெச்சு ஓட்டீட்டு வந்த உங்க மக அம்மிணியையே கேட்டுப் பாருங்க."